கிரீச்சொலியும் கேளாச் செவிகளும்

தூத்துக்குடியில் கார் வைத்திருப்போர் பலரிடம் ஒரு தத்துவம் உண்டு: 'ஓடுகிறவரை ஓடட்டும்.' இதைச் சிக்கனம் என்று மெச்சுகிறார்கள். பிறர் உயிரை வைத்து ஆடும் கஞ்சத்தனம் என்கிறோம் நாங்கள்.

பிரேக்கையே எடுத்துக்கொள்வோம். பல கார்களில் பிரேக் பேடின் ஓரமாக மெல்லிய உலோக நாக்கு ஒன்று இருக்கும். பேட் தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆனதும் அந்த நாக்கு டிஸ்கில் உரசிக் கிரீச்சிடும். உரிமையாளர் கேட்கவேண்டும் என்பதற்காகவே எவரோ ஒரு பொறியாளர் செய்துவைத்த குரல் அது. நம்மவரோ பாட்டின் ஒலியைக் கூட்டுகிறார். (நாவலில் ஒரு கதவு கிரீச்சிட்டால் மூன்று பக்கம் விவாதிக்கும் நண்பர்களும் இதில் அடக்கம்.) வாட்டர் பம்பிலும் சீல் தளர்ந்தால் சிறுதுளை வழியே நீர் கசிந்து காட்டிக்கொடுக்கும். அந்த ஈரத்தைக் கண்டவர் ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கிளம்புகிறார். அதுவும் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும் ஊரில்! உள்ளே அந்த நீர் அரிக்க, வெளியே உப்புக்காற்று பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளம் கட்டுகிறது. கொப்புளத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதற்குப் பெயர் பராமரிப்பாம்.

இதே கடலில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. கல்லின் பாரத்தோடு இறங்கியவனின் உயிர், தோணியில் கயிறு பிடித்து நின்றவனின் உள்ளங்கையில் இருந்தது. ஒரு சிறு இழுப்பு வந்தால் உடனே தூக்கியாக வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான்தான் பிடிக்கவேண்டும் என்பார்கள். உடன்பிறந்தவளின் தாலி கையில் இருக்கையில் கவனம் சிதறாது. 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று எந்த மச்சானும் சொல்லியிருக்க முடியாது. பாம்பனிலும் 1914இல் திறந்த ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி அரித்துப்போனதை உணர்கருவிகள் சொன்னபோது, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப்பாலம் வரும்வரை தீவுக்கு ரயில் இல்லை. அந்த இழப்பைத் தாங்கிக்கொண்டார்கள்.

காரில் அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பவர் சம்பளத்துக்கு ஓட்டும் ஓட்டுநர். சத்தம் அவர் காதில்தான் முதலில் விழுகிறது. "அண்ணாச்சி, பிரேக்குல சத்தம் வருது" என்கிறார். "பாத்துக்கலாம்டே" என்பது பதில். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கிடையே ஒருநாள் அந்த பிரேக் பிடிக்காமல் போனால், 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எழுதி முடித்துவிடுவார்கள். அண்ணாச்சி காப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்திட்டுக்கொண்டிருப்பார்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவு, ஆபத்தான பழுதுள்ள வண்டியை ஓட்டுபவரை மட்டுமன்றி ஓட்ட அனுமதிப்பவரையும் குற்றவாளி என்கிறது. அந்தப் பழுது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. சாதாரணக் கவனத்தில் கண்டுபிடித்திருக்கக் கூடியதாக இருந்தாலே போதும். எனவே ஓட்டுநரின் பெயரை எழுதுமுன், வண்டியைக் கடைசியாக எந்தத் தேதியில் பணிமனைக்கு அனுப்பினார் என்று உரிமையாளரிடம் ரசீதைக் கேட்கட்டும்.