மூவாயிரம் மிதி தூரத்தில் சித்தன்னவாசல்



ஓர் உண்மையைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். முதலாம் ஆண்டு வகுப்புச் சுற்றுலாவுக்கு நான் வரவில்லை. காய்ச்சல் என்றேன். இரண்டாம் ஆண்டும் வரவில்லை. அப்போதும் காய்ச்சல் என்றேன். இரண்டு தடவையும் எனக்குக் காய்ச்சல் இல்லை. கையில் 500 ரூபாய் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு மட்டுமா அந்தக் காய்ச்சல்? வேன் புறப்படுகிற நாளில் நம் வகுப்பில் நாலைந்து பேருக்கு ஒரே நேரத்தில் உடம்பு சரியில்லாமல் போகிறதே, இது என்ன நோய் என்று யாராவது யோசித்தோமா?

இந்த ஆண்டு சித்தன்னவாசல் போவதென்று முடிவானது. 17 பேர். வேன்காரர் கேட்ட வாடகை 8,500 ரூபாய். தலைக்கு 500. அதற்குத் திருக்கோகர்ணம் மியூசியம், சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, கொடும்பாளூர் எல்லாம் ஒரே நாளில். "அஞ்சு எடமும் காட்டிடுறேன் தம்பி, சாயங்காலம் ஆறு மணிக்குக் கொண்டாந்து விட்டுடுறேன்" என்றார். வழக்கம்போல நாலு பேர் முகம் வாடியது. மூன்றாவது வருஷமும் பொய்க் காய்ச்சல் சொல்ல எனக்கு மனசில்லை. எழுந்து நின்று, "சைக்கிள்ல போவோமே!" என்றேன். வகுப்பே சிரித்தது.

வீட்டில் சிரிப்பு இல்லை, கோபம்தான். "பொம்பளப் புள்ள ரோட்டுல பதினாறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிறதா? பேசாம வீட்ல கெட" என்றார் அப்பா. திண்ணையிலிருந்து அப்பத்தா குரல் கொடுத்தார்: "ஏண்டா, ஒன்னைய முன்னாடி கம்பியில ஒக்கார வச்சுச் சந்தைக்கு மிதிச்சவ நான். நான் பொம்பள இல்லாம வேற என்னடா?"

அப்பா வாயைத் திறக்கவில்லை.

நண்பர்களே, இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. நம் மாவட்டத்தின் கதை. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய கலெக்டர் ஷீலாராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். ஊர் ஊராகப் போய்ப் பாடம் சொல்லித்தரும் பெண் பஸ்ஸுக்காகக் காத்து நின்றால் வேலை நடக்குமா? 1992 மகளிர் தினத்தில் 1,500 பெண்கள் சைக்கிளில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். சைக்கிள் கற்றுக்கொண்டு, விழாக்களிலும் போட்டிகளிலும் ஊர் பார்க்க ஓட்டிக் காட்டிய பெண்கள் 70,000 பேருக்கு மேல் என்று எழுதினார் பத்திரிகையாளர் பி. சாய்நாத். அந்தக் கட்டுரை வடக்கே எட்டாம் வகுப்பு ஹிந்திப் பாடப் புத்தகத்தில்கூட இடம்பெற்றது. லேடீஸ் சைக்கிள் போதாமல் போனபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். கம்பி இருந்தது நல்லதாகப் போயிற்று, அதில் பிள்ளையை உட்கார வைக்கலாமே!

எங்கள் அப்பத்தா அப்போது கல்குவாரியில் கல் உடைத்துக்கொண்டிருந்தார். அறிவொளியில்தான் தன் பெயரை எழுதப் படித்தார். வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு, முட்டியைப் பெயர்த்துக்கொண்டு, பிறகு ஒரு பழைய 28 அங்குல ஜென்ட்ஸ் சைக்கிளைச் சொந்தமாக வாங்கினார். டயர் எத்தனை தடவை மாற்றியது என்று கணக்கில்லை, சைக்கிள் இன்னும் ஓடுகிறது. அதில்தான் நான் தினமும் கல்லூரிக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதில் பாதிப் பெருமை அந்தச் சைக்கிளுக்குச் சேர வேண்டும்.

சரி, நாம் மெக்கானிக்கல் மாணவர்கள் அல்லவா, கணக்கில் பேசுவோம். என் சைக்கிளில் முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய 2.44 சுற்று. சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆக ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல் 16 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள். வலது காலுக்கு மூவாயிரம் மிதி, இடது காலுக்கு மூவாயிரம் மிதி. இதற்கா 500 ரூபாய்?

ஆனால் எல்லாராலும் மிதிக்க முடியுமா? முடியாது. இங்கேதான் நான் முதலில் தப்பு செய்தேன். "எல்லாரும் சைக்கிள்தான், கார் வேன் எதுவும் கூடாது" என்று வீறாப்பாகப் பேசினேன். போன வருஷம் பைக் விபத்தில் காலில் பிளேட் வைத்த நண்பன் மெதுவாகச் சொன்னான்: "அப்ப எனக்கு இந்த வருஷம் காய்ச்சல்னு எழுதிக்க." சுருக்கென்றது. காசில்லாதவனை வேன் விட்டுவிட்டுப் போனது போல, கால் முடியாதவனைச் சைக்கிள் விட்டுவிட்டுப் போகலாமா? ஆகவே 14 பேருக்குச் சைக்கிள். மிதிக்க முடியாத மூன்று பேருக்கு ஒரு வாடகைக் கார். காரில் மிச்சமிருந்த ஒரு சீட்டில் எங்கள் அப்பத்தா!

இந்த ஏற்பாட்டில் நாங்கள் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன். அடுத்த வருஷத்துத் தம்பி தங்கைகளுக்கு உதவும்.

முதலில் சைக்கிள். சொந்தமாகவும் இரவலாகவும் ஒன்பது தேறியது. மீதி ஐந்துக்கு மூன்று நாள் டவுனைச் சுற்றினோம். ஒரு காலத்தில் மட்கார்டில் நம்பர் எழுதி, நோட்டில் பெயர் எழுதி, மணிக் கணக்கில் வாடகைக்கு விட்ட கடைகள் இருந்தனவாம். இப்போது பஞ்சர் ஒட்டுவதோடு சரி. கடைசியில் ஒரு பெரியவர் ஓரமாகக் கிடந்த ஐந்து சைக்கிளைத் தூசி தட்டி, நாளொன்றுக்கு 60 ரூபாய் வீதம் கொடுத்தார். "பூட்டுச் சாவி பத்திரம் பாப்பா" என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை. பதினாலு வண்டியையும் முந்தின நாளே பார்த்தோம். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா, செயின் தொய்ந்திருக்கிறதா, ரிம் வளைந்திருக்கிறதா, மணி அடிக்கிறதா? சீட்டின் உயரமும் முக்கியம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகால் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். தாழ்ந்த சீட்டில் பத்து கிலோமீட்டர் மிதித்தால் முட்டி மறுநாள் பேசும். பம்பு, பஞ்சர் சாமான், ஸ்பேனர் குழுவுக்கு ஒரு செட் போதும்.

அடுத்தது கார். குறைந்த வாடகைக்கு முதலில் ஒருவர் வந்தார். போய்ப் பார்த்தால் வெள்ளை போர்டு, சொந்த உபயோக வண்டி. அதை வாடகைக்கு விடச் சட்டம் அனுமதிக்கவில்லை. வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் பணம் கிடைப்பதும் சந்தேகம். வேண்டாம் என்று கும்பிடு போட்டோம். டிரைவரோடு வாடகைக்கு ஓடும் வண்டி என்றால் மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து. நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்குத் தரும் வண்டி என்றால் கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து, ஆனால் பல இடங்களில் அதற்கு 21 வயது கேட்பார்கள். நமக்கு மஞ்சள் போர்டுதான் வழி. பேசும்போதே கேட்டுவிட வேண்டிய கேள்விகள் நாலு: கிலோமீட்டர் கணக்கு ஷெட்டிலிருந்தா, நாம் ஏறும் இடத்திலிருந்தா? குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டருக்குக் காசு? வெயிட்டிங் எவ்வளவு? டிரைவர் பேட்டா சேர்ந்ததா, தனியா? ஏறுவதற்கு முன் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டாம், கணக்கு சரியாக இருந்தால் இரு பக்கமும் நட்பு.

கார் 2,000, சைக்கிள் 300, சாப்பாட்டுச் செலவு 760. மொத்தம் 3,060 ரூபாய். பதினேழு பேருக்கும் சமமாகப் பிரித்தால் தலைக்கு 180. இந்த வருஷம் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை!

விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். காரை இரண்டு மணி நேரம் கழித்து வரச் சொன்னோம். சைக்கிள் பின்னாலேயே கார் ஊர்ந்தால் இருவருக்கும் நிம்மதி இருக்காது. தைலமரக் காடு, செம்மண் பொட்டல், கண்மாய்க் கரை எல்லாம் பஸ் ஜன்னலில் நூறு தடவை பார்த்ததுதான். ஆனால் மிதித்துப் போகும்போதுதான் கண்மாய்க்கு வாசனை உண்டு என்று தெரிந்தது. டீக்கடையில் நின்றோம். "எங்கப்பா இத்தனை சைக்கிளு, பந்தயமா?" என்று கேட்ட பெரியம்மாவுக்கு விவரம் சொன்னோம். அவரும் 1992 ஊர்வலத்தில் போனவராம்! வேனில் போயிருந்தால் இவரை எங்கே பார்ப்பது?

மலையை நெருங்குகையில் சாலையோரத்தில் வட்டமாகக் கற்கள். பெருங்கற்கால ஈமச் சின்னங்கள். அந்தக் கல்வட்டங்களுக்குள் அக்கால மக்கள் தங்கள் முன்னோரைப் புதைத்திருக்கிறார்கள். வேகமாகப் போகிற வண்டிக்கு அவை வெறும் கல். நாங்கள் இறங்கி நின்று பார்த்தோம். பிறகு மலையேறி ஏழடிப்பட்டம் குகைக்குப் போனோம். சமணத் துறவிகள் படுத்த வழவழப்பான கற்படுக்கைகள் பதினேழு. தலைப்பக்கம் தலையணை போல மேடு. ஒன்றில் ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழைய தமிழ் பிராமி எழுத்து. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்கும் கல்லில் ஒரு தலையணை வேண்டியிருந்திருக்கிறதே!

அறிவர் கோயில் வாசலில் காரும் வந்து சேர்ந்தது. பிளேட் வைத்த நண்பன் எங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினான். பின்னால் அப்பத்தா. 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் திருப்பணி செய்த குடைவரை என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. நாங்கள் கல்வெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அப்பத்தா அண்ணாந்து விதானத்தைப் பார்த்தபடி நின்றார். தாமரைக் குளம், மீன், வாத்து, யானை, எருமை, பூப் பறிக்கிற ஆள். "நம்ம ஊரணி மாதிரியே இருக்கு ஆத்தா. எருமைகூட எறங்கிக் கெடக்கு" என்றார். பிறகு தூணைப் பார்த்து, "மலைய ஒடைக்காமலே உள்ள வீடு கட்டியிருக்கானே. நாங்க ஒடைக்க மட்டுந்தான் படிச்சோம்" என்றார். மலைக்கு அருகிலேயே வாழ்நாளெல்லாம் கல் உடைத்தவர், 64 வயதில் அன்றுதான் முதல் தடவையாக உள்ளே வந்திருக்கிறார். அவருக்கு வழி தெரியாமல் இல்லை. 'அது படிச்சவங்க பாக்குற எடம்' என்று நினைத்திருந்தாராம்.

அன்று நாங்கள் பார்த்தது ஒரே ஓர் இடம். குடுமியான்மலைக்கும் ஒரு நடை போவோமா என்று ஆசை வந்தது. விட்டுவிட்டோம். இன்னொரு நாள், இன்னொரு மூவாயிரம் மிதி! திரும்பும் வழியில் ஒரு பஞ்சர். கால் மணி நேரத்தில் ஒட்டினோம். இருட்டுவதற்குள் வீடு. (சித்திரை வைகாசி வெயிலிலும், இருட்டிலும் இந்த வேலை வேண்டாம். லாரி போகிற ரோடு. வரிசையாக, இடது ஓரமாகத்தான் போக வேண்டும்.)

தாய்லாந்தில் சுகோத்தாய் என்ற பழைய தலைநகரின் இடிபாடுகளைப் பார்க்க வாசலிலேயே வாடகைச் சைக்கிள் கிடைக்கிறது. இலங்கையில் அநுராதபுரம், பொலன்னறுவையிலும், கர்நாடகத்தில் ஹம்பியிலும் அப்படியே. வெள்ளைக்காரரும் ஊர்க்காரரும் ஒரே சைக்கிளில் சுற்றுகிறார்கள். பெண்கள் படையே சைக்கிளில் கிளம்பிய புதுக்கோட்டையில், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பத்து வாடகைச் சைக்கிளுக்கு இடமில்லையா? இருந்தால் டீக்கடைக்கும், பஞ்சர் கடைக்கும், கிராமத்துப் பனங்கிழங்குக்கும் நாலு காசு சேருமே!

அதிகாரிகள் செய்யட்டும் என்று காத்திருப்பானேன்? நம் மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை இது. பத்துப் பழைய சைக்கிள் வாங்குவோம். நம் ஒர்க்ஷாப்பிலேயே ஓவர்ஹால் செய்வோம், அதுவும் பாடம்தான். வகுப்புச் சுற்றுலா பேசும்போது முதல் கேள்வியாக "எத்தனை இடம்?" என்று கேட்காமல், "யாரால் வர முடியாது?" என்று கேட்போம். அந்த ஆளுக்கு வழி செய்த பிறகு மற்றதைப் பேசுவோம்.

வேகமாகப் போவது காசுள்ளவர் வசதி. மெதுவாகப் போனால் எல்லாரும் சேர்ந்து போகலாம். என்ன நண்பர்களே, அடுத்த தடவை குடுமியான்மலைக்கு மிதிப்போமா?

— மூன்றாம் ஆண்டு மாணவி, இயந்திரவியல் பிரிவு