“உங்களுக்கு இது போதும்” என்பவர்களுக்கு ஒரு டீச்சரின் பதில்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன். வகுப்பில் உட்கார்ந்த மாதிரியே பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகு உங்கள் டீச்சருக்குப் பறவைப் பைத்தியம் பிடித்தது தெரிந்ததுதான். கூந்தன்குளம் படங்களாகப் போட்டு உங்களைச் சோதித்திருக்கிறேன். ஆனால் எனக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம். பெரிய கேமராவைக் கழுத்தில் மாட்டினால் இரவு தூக்கம் போய்விடும். அதனால் சில வருடங்களுக்கு முன்பு ஒரு கடைக்குப் போய், “தம்பி, டி.எஸ்.எல்.ஆர். வேண்டும், எடை குறைவாக இருக்கணும், ஆனால் எல்லாவற்றையும் நானே கையால் மாற்றுகிற மாதிரி இருக்கணும்” என்றேன். அந்தத் தம்பி என் நரைத்த தலையைப் பார்த்தார். ஒரு பெட்டியை எடுத்து வைத்து, “மேடம், உங்களுக்கு இது போதும்” என்றார்.

அந்தக் கேமராவின் பெயர் இங்கே வேண்டாம். தம்பி மேலும் கோபமில்லை. அவர் சொன்னது அவர் வார்த்தை அல்ல, கேமரா செய்கிறவர்களின் எண்ணம். சின்ன கேமரா கேட்பவர் என்றால் விவரம் தெரியாதவர் என்று அவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் கேட்டது எடைக் குறைப்பு. கிடைத்தது வசதிக் குறைப்பு.

“டீச்சர், சின்னதாக்கினால் சிலதை விடத்தானே வேண்டும்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டி.எஸ்.எல்.ஆருக்குள் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே ஒரு கண்ணாடி எழும்பி இறங்க இடம் வேண்டும். கேனனில் லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து சென்சார் வரை 44 மில்லிமீட்டர், நிக்கானில் 46.5. அதைக் குறைக்க முடியாது. இயற்பியல் கேட்கிற விலையை நான் கொடுக்கத் தயார். ஆனால் இவர்கள் எடுத்தது எல்லாமே இடம் போதாமல் எடுத்ததுதானா? கணக்கைப் பார்ப்போம்.

கேனன் 200டி, 2017இல் வந்தது. பேட்டரி, கார்டு சேர்த்து 453 கிராம். 2019இல் வந்த 200டி மார்க் 2, 449 கிராம். குறைந்தது நாலே கிராம். உள்ளே 4கே வீடியோவைச் சேர்த்தார்கள், நல்லது. ஆனால் ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவின் நடுவில் இருந்த ஒரு சின்ன உலோகப் பொட்டை எடுத்துவிட்டார்கள். அந்தப் பொட்டை மட்டும் நம்பி வெடிக்கிற மலிவு விலை ஃபிளாஷும் ஸ்டுடியோ ட்ரிகரும் அதில் வேலை செய்யாது. ஒரு பொட்டு என்ன இடத்தை அடைத்தது?

நிக்கானுக்கு வருவோம். 2014இல் வந்த டி3300இல் மைக் செருகும் துளை இருந்தது, சென்சார் தூசியைத் தானே உதறும் வசதி இருந்தது. 2016இல் டி3400 வந்தபோது இரண்டும் காணோம். உள் ஃபிளாஷின் வலுவும் 12இலிருந்து 7 ஆனது. குறைந்த எடை 15 கிராம். அதே நிக்கான் 2018இல் 365 கிராம் உடம்பில் டி3500 செய்து, ஒரு சார்ஜில் 1550 படம் எடுக்கலாம் என்றது. மனசு வைத்தால் சின்ன உடம்பில் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

இன்னும் பழைய சாட்சி வேண்டுமா? 1972இல் ஒலிம்பஸ் கம்பெனியின் மைதானி என்கிற பொறியாளர் ஓஎம்-1 என்ற படச்சுருள் கேமராவை வடிவமைத்தார். உடம்பு சுமார் 510 கிராம். இன்றைய சின்ன டி.எஸ்.எல்.ஆர்.களைவிடப் பெரிய கண்ணாடி, மேலே கெட்டியான கண்ணாடிப் பட்டகம், அகலமான வியூஃபைண்டர், எல்லாவற்றுக்கும் கையெட்டும் வளையம். அதில் மின்னணுப் பாகங்கள் கம்மி என்பது உண்மைதான். ஆனால் அவர் அளவைத்தான் குறைத்தார், வாங்குகிறவரின் மரியாதையைக் குறைக்கவில்லை.

இதெல்லாம் எனக்கு ஏன் முக்கியம்? வெள்ளைக் கூழைக்கடா ஒன்று கரும்பச்சை மரத்துக்கு முன்னால் பறக்கிறது. கேமரா மரத்தின் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இறகெல்லாம் சுண்ணாம்பு பூசின மாதிரி ஆகிவிடும். நான் ஷட்டரையும் அபெர்ச்சரையும் சட்டென்று மாற்ற வேண்டும். பெரிய கேமராவில் இரண்டுக்கும் இரண்டு டயல். என் கேமராவில் ஒரே டயல். கட்டைவிரலால் ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டே ஆள்காட்டி விரலால் சுற்ற வேண்டும். நான் சுற்றி முடிப்பதற்குள் கூழைக்கடா அடுத்த குளத்துக்கே போய்விடுகிறது.

“புதுசா படிக்கிறவங்களுக்கு இரண்டு டயல் குழப்பம்” என்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல் சாக்பீஸ் பிடித்தவள் சொல்கிறேன், அது தவறு. முதல்முதலாகப் படிக்கிற பிள்ளைக்குத்தான் முழு ஜியாமெட்ரி பாக்ஸ் வேண்டும். தேர்ந்தவன் காம்பஸ் இல்லாவிட்டாலும் நூலைக் கட்டி வட்டம் போட்டுவிடுவான். எது எதை மாற்றுகிறது என்பது கைக்குத் தெரிந்தால்தான் மண்டையில் ஏறும். மெனுவுக்குள் ஒளித்து வைத்தால் ஏறாது.

“இப்போ எல்லாம் மிரர்லெஸ், டீச்சர்” என்பீர்கள். கண்ணாடி போனது, குணம் போகவில்லை. 2023இல் வந்த கேனன் ஆர்100, 356 கிராம்தான். திரை திரும்பாது, தொட்டாலும் அசையாது. ஆனால் நிக்கான் இசட் எஃப்சி, 445 கிராமில் ஷட்டருக்கும் ஐஎஸ்ஓவுக்கும் தனித்தனி டயல் கொடுத்திருக்கிறது. விலை கூடத்தான். ஆனாலும் முடியாது என்பது பொய் என்று அது நிரூபிக்கிறது.

ஆகவே பிள்ளைகளுக்குக் கேமரா வாங்கும்போது மெகாபிக்சலைக் கேட்காதீர்கள். கையில் பிடித்துப் பாருங்கள். டயல் எத்தனை, ஹாட் ஷூவில் நடுப்பொட்டு இருக்கிறதா, மைக் துளை இருக்கிறதா என்று பாருங்கள். நிக்கான் டி3000, டி5000 வரிசை உடம்புகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அப்பாவின் பழைய லென்ஸைப் போட்டால் கையால்தான் திருக வேண்டியிருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு ஒப்புதல். எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டிக் கணக்கில் திணறிய ஒரு மாணவியிடம், “உனக்கு இது வேண்டாம்மா, மற்ற கணக்கு போட்டால் பாஸ், அது போதும்” என்று சொல்லியிருக்கிறேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். அவள் நோட்டை மூடிய விதம், கடையில் நான் அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டபோதுதான் ஞாபகம் வந்தது. அவள் இதைப் படித்தால், டீச்சரை மன்னித்துவிடு அம்மா. எது போதும் என்று முடிவு செய்ய வேண்டியது நீதான், நான் அல்ல.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்