சோதனைச் சாவடி போயிற்று, எல்லை போகவில்லை



வருமான வரியில் நமக்கு ஒரு வசதி உண்டு. எந்த மாநிலத்தில் சம்பாதித்தாலும் நாடு முழுமைக்கும் ஒரே பான் எண், ஆண்டுக்கு ஒரே கணக்கு. விற்பனை வரியில் அந்த வசதி என்றுமே இருந்ததில்லை. 1956-ஆம் ஆண்டு மத்திய விற்பனை வரிச் சட்டம் வந்தது முதல், மாநில எல்லையைத் தாண்டும் சரக்குக்குத் தனி வழக்குதான்.

நாற்பது ஆண்டுகளாகக் குண்டூர் மிளகாய் தருவித்து மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். 'சி' படிவத்துக்காக வரி அலுவலகத்தில் காத்து நின்றதும், சாவடியில் லாரி இரவெல்லாம் நின்றதும் மறக்கவில்லை. படிவம் கொடுத்தால் 4 சதவீதம். 2007-இல் அது 3 ஆயிற்று, 2008-இல் 2 ஆயிற்று. ஆனாலும் கட்டிய வரி கொள்முதல் விலையோடு சேர்ந்துவிடும். வாட் வந்த பிறகும் அதைக் கழிக்க வழியில்லை.

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது. சாவடிகள் போயின. குண்டூர் பில்லில் கட்டும் 5 சதவீத ஐ.ஜி.எஸ்.டி.யை இங்கே நாம் கட்டும் வரியில் கழித்துக்கொள்கிறோம். இது நமக்கு நன்மையே. அதை மறுப்பது நியாயமாகாது.

ஆனால் சாலையில் இருந்த எல்லை நம் பில்லுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஜி.எஸ்.டி. எண்ணில் 15 இலக்கங்கள். அதில் பத்து, நம் பான் எண்ணேதான். அதற்கு முன்னால் நிற்கும் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைச் சொல்லும். 33 தமிழ்நாடு, 32 கேரளம். ஒரே முதலாளி இரு மாநிலத்தில் கடை வைத்தால், சட்டத்துக்கு அவர் இரண்டு ஆள். என் மிளகாயைப் பாலக்காட்டில் உள்ள என் சொந்தக் கிடங்குக்கு அனுப்பினாலும் பில் போட்டு வரி கட்ட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் கடையில் கணக்கு எழுதும் தம்பி கேரள மளிகைக்காரர் ஒருவருக்கு ஐ.ஜி.எஸ்.டி. போடாமல், உள்மாநில வரிகள் இரண்டையும் போட்டுவிட்டார். இதற்குச் சட்டம் சொல்லும் வழி என்ன? சரியான வரியை மறுபடி கட்டு, முன்பு கட்டியதைத் திருப்பிக் கேள் என்பதுதான். வட்டி கிடையாது, உண்மை. ஆனால் முதல் முடங்கியது. பில்லைத் திருத்தும்வரை அவருக்கும் வரவு கிடைக்கவில்லை. இத்தனைக்கும் அரசுக்கு ஒரு பைசா குறையவில்லை!

ஐ.ஜி.எஸ்.டி.யை மத்திய அரசும் மாநிலங்களும் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. தலைப்பு மாறிக் கட்டிய வரியையும் அப்படியே தமக்குள் மாற்றிக்கொண்டால் என்ன? வியாபாரியை இருமுறை கட்டச் சொல்வானேன்?

இன்னொன்று. 2022 ஜனவரி முதல், விற்றவர் தம் கணக்கில் பில்லை ஏற்றினால்தான் வாங்கியவருக்கு வரவு. உள்ளூர்க்காரர் என்றால் கடைக்கே போய்க் கேட்கலாம். ஐந்நூறு, அறுநூறு மைலுக்கு அப்பால் இருப்பவரை என்ன செய்வது? வரியோடு பணம் கொடுத்து, வங்கி மூலம் அத்தாட்சியும் வைத்திருப்பவனை விட்டுவிட்டு, ஏற்றாதவரைப் பிடிப்பதே முறை. இவ்விரு கோரிக்கைகளையும் நம் சங்கங்கள் ஒருமுகமாக எழுப்ப வேண்டும்.

அதுவரை நாம்தான் விழிப்பாக இருக்க வேண்டும். பதிவு இல்லாத சிறு கடைக்காரர், வரியுள்ள சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்றால், விற்றுமுதல் எவ்வளவு குறைவானாலும் பதிவு கட்டாயம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர் வெளிமாநிலத்தில் வாங்கலாம். அங்கே விற்கக் கூடாது. மற்றவர்கள் மாதந்தோறும் 14-ஆம் தேதி வரும் 2பி பட்டியலைக் கொள்முதல் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். புதிய வெளிமாநில வியாபாரியிடம் முதல் இரண்டு மாதம் சிறிய அளவில் வாங்கிப் பாருங்கள்.

பில் போடுமுன், சரக்கு எந்த மாநிலத்தில் இறங்குகிறது, வாங்குபவர் எண்ணின் முதல் இரண்டு இலக்கம் என்ன என்று பாருங்கள். ஆடிட்டர் வருவது பிறகுதான். பில் எழுதும் கை நம்முடையது.