‘ஐ3’ லேப்டாப் போதுமா... இஎம்ஐ போடலாமா? வாங்கும் முன் இதைக் கொஞ்சம் படிங்க மக்களே!

மதுரை - தேனி ரோட்டில் இருக்கும் நாகமலை புதுக்கோட்டையில் எப்பவும் மாணவர்கள் கூட்டம்தான். மலையடிவாரத்தில் கல்லூரி, கொஞ்சம் தள்ளி காமராசர் பல்கலைக்கழகம். 2026 ஜனவரி 5-ல் ‘உலகம் உங்கள் கையில்’ திட்டம் தொடங்கிய பிறகு, கையில் அரசு லேப்டாப்போடு பலருக்கும் வரும் சந்தேகம் இது: “ஐ3 இல்லேன்னா ரைசன் 3, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி... இது போதுமா? இல்ல, இஎம்ஐ போட்டு ஐ7 வாங்கிடலாமா?”

அவசரப்படாதீங்க. வேகத்துக்கு ஒரு விலை இருக்கு.

கரன்ட் குடிக்கும் வேகம்

ப்ராசஸர் வேகத்தைக் கூட்டணும்னா, பெரும்பாலும் அதுக்குக் கொடுக்கும் வோல்டேஜையும் கூட்டணும். சிக்கலே அங்கதான். வேகம் 20 சதவிகிதம் கூடி, அதுக்காக வோல்டேஜ் 10 சதவிகிதம் கூடினா, மின்செலவு சுமார் 45 சதவிகிதம் எகிறிடும். அவ்வளவும் சூடாகத்தான் வெளியே வரும்.

சித்திரை வெயிலில் மதுரை 40 டிகிரியைத் தொடும். ஃபேன் மட்டும் ஓடும் ஹாஸ்டல் ரூமில், ஒல்லியான லேப்டாப்புக்குள் இருக்கும் ஐ7 என்ன செய்யும்? சூடு தாங்காம தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கும். நீங்க காசு கொடுத்த வேகம் சில நிமிஷத்துக்குத்தான்!

அதனால கம்பெனிகளும் ரூட்டை மாத்திட்டாங்க. ஜனவரியில் இன்டெல் இறக்கிய ‘கோர் அல்ட்ரா சீரிஸ் 3’-ல் கனமான வேலைக்கு ஒரு வகை கோர், சாதாரண வேலைக்கு இன்னொண்ணு, வீடியோ பார்ப்பது மாதிரி லேசான வேலைக்கு மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் மூன்றாவது வகை. உங்க போனில் பல வருஷமா இருக்கும் அதே டெக்னிக்தான்.

நிஜமான பாய்ச்சல் எங்கே?

ஸ்டோரேஜில்! 2011-ல் வந்த அரசு லேப்டாப்பில் இருந்தது சுழலும் ஹார்டு டிஸ்க். அது நொடிக்கு 100 எம்பி அளவில்தான் படிக்கும். சாதாரண எஸ்.எஸ்.டி-யே 500 எம்பி-யைத் தாண்டும். லேப்டாப் ஆன் ஆகும்போதே வித்தியாசம் தெரியும். இப்போ வரும் ‘ஜென் 5’ எஸ்.எஸ்.டி 14,000 எம்பி வரை போகுது. ஆனா சூடும் அதிகம். ப்ராஜெக்ட் டைப் பண்ண, பைத்தான் எழுத அந்த வேகம் கண்ணுக்கே தெரியாது.

கவனிக்க வேண்டியது ரேம்

உலகம் முழுக்க ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கிட்டுப் போறதால, 2025 கடைசியிலிருந்து ரேம், எஸ்.எஸ்.டி விலை ஏறிக்கிட்டே போகுது. மைக்ரான் நிறுவனம் நம்மை மாதிரி சாதாரண கஸ்டமர்களுக்கு விற்கும் ‘க்ரூஷியல்’ பிராண்டையே நிறுத்தப்போவதா டிசம்பரில் அறிவிச்சிடுச்சு.

வீடியோ எடிட்டிங், 3டி டிசைன், கேமிங்னா 8 ஜிபி திணறும்; அவங்களுக்குப் பெரிய மெஷின் தேவைதான். மத்தவங்களுக்குக் கையில் இருப்பதே தாராளம்.

புதுசு வாங்கியே ஆகணுமா? கடையில் மூணு கேள்வி கேளுங்க: ப்ராசஸர் எத்தனை வாட்? ரேமைப் பின்னாடி கூட்ட முடியுமா? சார்ஜர் இல்லாம எத்தனை மணி நேரம் ஓடும்? ‘ஐ’ பக்கத்தில் இருக்கும் நம்பரைவிட, இந்த மூணு பதில்தான் மூணு வருஷ டிகிரிக்கும் துணை நிற்கும்!