சிற்றுருவும் மெய்யுருவும்

பொழுதுபோக்கு என்ற சொல்லைக் கேட்டதும் அதனை அற்பமானதொரு காரியமாக எண்ணிவிடுதல் நம்மிற் பலர்க்கு இயல்பாகிவிட்டது. அதிலும், வயது முதிர்ந்த ஒருவர் கைக்கடங்கும் புகையிரத இயந்திரமொன்றை மேசைமீது வைத்து, அதன் சில்லுகளையும் கைபிடிகளையும் உருப்பெருக்குங் கண்ணாடி கொண்டு ஆராய்வதைக் கண்டால், குழந்தைப் பருவம் இன்னும் அவரை விட்டு நீங்கவில்லை என்று நகைப்போரே அதிகம். அந்நகைப்பு நியாயமானதன்று என்பதே எமது கருத்து. அயர்லாந்து நாட்டுப் புகையிரதங்களின் சிற்றுருக்களைச் சேகரிப்போரை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பெரிய நாடுகளின் புகையிரதங்களைச் சேகரிப்பார்க்கு இல்லாத ஓர் இடர்ப்பாடு இவர்களுக்கு நெடுங்காலம் இருந்தது. அவ்விடர்ப்பாட்டை நோக்கின், இவர்தம் முயற்சியின் பெறுமதி விளங்கும்.

விளையாட்டுப் பொருளுக்கும் சிற்றுருவுக்கும் உள்ள வேறுபாட்டை முதற்கண் தெளிதல் வேண்டும். விளையாட்டுப் பொருள் புகையிரதமொன்றை நினைவூட்டினாற் போதும். சிற்றுருவோ குறித்த ஒரு புகையிரதத்தை, குறித்த ஓர் ஆண்டில் அஃது இருந்தவாறே, அளவு பிழையாமற் காட்டுதல் வேண்டும். பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் பெருவழக்காயுள்ள அளவுத்திட்டம், மெய்யுருவின் ஓர் அடிக்கு 4 மில்லிமீற்றர் என்பதாகும். 40 அடி நீளமுள்ள பெட்டி இத்திட்டத்தில் 160 மில்லிமீற்றராய் அமையும். ஓர் அங்குலம் ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்காய்ச் சுருங்கும். ஆகவே, யன்னலொன்று மூன்று அங்குலம் இடம்பெயர்ந்திருப்பின், அப்பிழை சிற்றுருவில் ஒரு மில்லிமீற்றரே. அந்த ஒரு மில்லிமீற்றரையும் பொறாதவரே நல்ல சேகரிப்பாளர்.

அயர்லாந்தின் இருப்புப்பாதை வரலாறே அளவு பற்றிய ஒரு வழக்கோடு தொடங்குகின்றது. 1834ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டப்ளின் - கிங்ஸ்ரவுண் பாதை, இங்கிலாந்திற் போல 4 அடி 8½ அங்குல அகலங் கொண்டது. 1839இல் பெல்பாஸ்ற் நகரிலிருந்து லிஸ்பேண் வரை திறக்கப்பட்ட அல்ஸ்ரர் பாதையோ 6 அடி 2 அங்குலம். டப்ளினிலிருந்து வடக்கே ட்றோகெடாவுக்குப் பாதை அமைக்க முனைந்தோர் 5 அடி 2 அங்குலம் வேண்டினர். ஒரு சிறு தீவில் மூவேறு அகலங்களையுடைய பாதைகள் ஒன்றோடொன்று இணைவது எங்ஙனம்? பிரித்தானிய வர்த்தகச் சபையின் அதிகாரியாயிருந்த பாஸ்லி என்பார் பலரையும் வினவி, இடைப்பட்டதோர் அளவாக 5 அடி 3 அங்குலத்தை விதந்துரைத்தார். 1846ஆம் ஆண்டுச் சட்டம் அதனை உறுதிசெய்தது. இன்றுவரை அயர்லாந்தின் பெரும்பாதைகள் அவ்வகலத்தனவே. பிறேசிலிலும் அவுஸ்திரேலியாவின் சில பகுதிகளிலும் இதே அகலம் வழங்குகின்றதாயினும், அண்டை நாடான பெரிய பிரித்தானியாவில் அஃது இல்லை.

இவ்வாறு பாதையால் வேறுபட்ட நாட்டின் வண்டிகளும் உருவால் வேறுபட்டனவாயிருந்தமை வியப்பன்று. ஆயினும், சிற்றுருக்களை விற்றோர் அவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தினாரல்லர். பெரிய நாட்டிற் பெருந்தொகையாய் விலைபோகும் ஆங்கில வண்டிகளுக்கே அச்சுகள் செய்து வைத்திருந்தனர். அந்த அச்சில் வார்த்த உருவத்துக்கு அயர்லாந்து வண்ணத்தைப் பூசி, அயர்லாந்தின் சின்னத்தையும் ஒட்டி, "இதுவே உங்கள் வண்டி" என்று விற்றனர். வாங்கியவர்களும், வேறு வழியின்மையால், அதனோடு அமைந்தனர்.

இதிலென்ன குற்றம் என்று கேட்பாருளர். அவர்களுக்கு நாம் ஒன்று கூறுவோம். இத்தகைய விழா மலரொன்றிலே, நமக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் ஒருவரின் பெயரைப் பொறித்து, அதன் மேலே பிறிதொரு கல்லூரி ஆசிரியரின் படத்தை அச்சிட்டு, "இருவரும் தலைப்பாகை அணிந்தவர்தாமே, அதனாலென்ன?" என்றால், பழைய மாணவருள் யாரேனும் பொறுப்பரோ? மேலாடை ஒத்திருப்பதால் ஆள் ஒத்துவிடுவதில்லை. பெரியோர் படம் பிழைத்தால் அதனை உணர்ந்து திருத்தப் பலருளர். சிறிய நாட்டின் படம் பிழைத்தால் அப்பிழையே காலப்போக்கில் மெய்யாகிவிடும். இதுவே இங்கு ஆராய வேண்டிய பொருளின் உயிர்நிலை.

இந்நூற்றாண்டிலே நிலைமை மாறிவிட்டது. மேர்பி மொடல்ஸ், ஐரிஷ் றெயில்வே மொடல்ஸ் என்னும் அயர்லாந்து நிறுவனங்கள், அந்நாட்டு வண்டிகளுக்கென்றே புதிய அச்சுகள் செய்வித்து, அவற்றை அளவு பிழையாத சிற்றுருக்களாய் வெளியிட்டன. சேகரிப்போர் குறைகூறிக் கொண்டிராது தம் நாட்டு உருவமே வேண்டுமென்று நின்றமையாலன்றோ இத்தகைய முயற்சிகளுக்கு ஒரு சந்தை உண்டாயிற்று?

அளவு பிழையாத உருவம் எதனைக் காக்கின்றதென்பதற்குச் சில சான்றுகள் காட்டுவோம். 1945இல் தோன்றிய சீ. ஐ. ஈ. எனப்படும் அயர்லாந்துப் போக்குவரத்துக் கழகம், 1961இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்திடமிருந்து 15 டீசல் இயந்திரங்களை வருவித்தது. அவற்றுக்குச் சாரதியின் அறை ஒரு முனையில் மாத்திரமே உண்டு. அமெரிக்க வழக்குக்குப் பொருந்திய அவ்வமைப்பு, அயர்லாந்தில் இயந்திரத்தைத் திருப்பும் தொல்லையை உண்டாக்கிற்று. அடுத்த ஆண்டு வந்த 37 இயந்திரங்களுக்கும் இரு முனைகளிலும் அறைகள் அமைந்தன. இவ்விரு வகைகளின் சிற்றுருக்களையும் அருகருகே வைத்தால், ஒரு நாடு பட்டறிவாற் கற்ற பாடத்தை ஒரு சிறுவனும் கண்ணாற் கண்டுகொள்வான்.

இன்னுமொன்று. 1955, 1956ஆம் ஆண்டுகளில் மெற்றோபொலிற்றன் விக்கேர்ஸ் நிறுவனம் 60 பெரிய டீசல் இயந்திரங்களை அளித்தது. அவை வெள்ளி வண்ணம் பூண்டு வந்தன. அவ்வண்ணம் விரைவில் அழுக்கேறிப் பொலிவிழந்தமையால், பின்னர்ப் பச்சையும் கறுப்பும் பிறவும் பூசப்பட்டன. அவற்றில் இருந்த குறொஸ்லி எஞ்சின்கள் ஓயாது தொல்லை தந்தமையால், 1968 முதலாக அவற்றை அகற்றி ஜெனரல் மோட்டோர்ஸ் எஞ்சின்களைப் பொருத்தினர். அவ்வாறு மாற்றப்பட்டவற்றின் எண்ணுக்குப் பின்னே 'ஆர்' என்ற எழுத்தும் சேர்க்கப்பட்டது. வெள்ளி வண்ணத்தையும் 'ஆர்' எழுத்தையும் ஒரே சிற்றுருவிற் காட்டுவானாயின், அவன் ஒருநாளும் இல்லாத ஒன்றைப் படைத்தவனாவான். வண்ணமும் எழுத்தும் அலங்காரமல்ல. அவை ஆண்டைக் கூறும் கல்வெட்டுகள்.

சரக்கு வண்டிகளின் கதையும் இதுவே. அயர்லாந்தின் தென்கிழக்கிலே விளைந்த சீனிக்கிழங்கை, வெலிங்டன்பிறிட்ஜ் நிலையத்திலிருந்து மலோ ஆலைக்கு ஏற்றிச் சென்ற வண்டிகள், பழைய திறந்த வண்டிகளின் உடல்களை ஒன்றன்மேலொன்றாய் ஏற்றிச் சமைத்தவை. சிக்கனத்துக்குப் பிறந்த அவ்விகார உருவம் எந்த ஓவியனையும் கவர்ந்திராது. 2006ஆம் ஆண்டில் அந்நாட்டின் சீனி உற்பத்தியே முடிவுற்றது, வண்டிகளும் ஒழிந்தன. கமக்காரன், ஆலை, புகையிரதம் என்னும் மூன்றும் பிணைந்திருந்த ஒரு வாழ்வை இன்று மேசைமீது காட்டவல்லது அந்தச் சிற்றுருவே.

மெய்யுருக்களையே பேணிவைக்கலாகாதோ எனின், எத்தனையைப் பேணுவது? வடக்கையும் தெற்கையும் இணைத்து ஓடிய பெரிய வடக்குப் புகையிரத நிறுவனம் 1932இற் பறவைப் பெயர்கள் சூட்டிச் செய்வித்த ஐந்து நீராவி இயந்திரங்களுள் 'மேர்லின்' ஒன்றே எஞ்சியது. அந்நிறுவனமும் 1958இல் இரு கூறாய்ப் பங்கிடப்பட்டு மறைந்தது. 1939ஐ அடுத்து இஞ்சிக்கோர் தொழிற்சாலையில் உருவான மூன்று பேரியந்திரங்களுள் அரசி மேவின் பெயர் தாங்கியது மட்டும் பெல்பாஸ்ற்றுக்கு அண்மையிலுள்ள கல்ற்றா நூதனசாலையில் உண்டு. நிலக்கரி அருகிய அந்நாட்டிலே, சதுப்புநிலத்தில் வெட்டி உலர்த்தும் முற்றா நிலக்கரியை எரித்து ஓடுமாறு ஒலிவர் புல்லீட் என்னும் பொறியியலாளர் 1957இற் சமைத்த இயந்திரமோ ஒன்றே ஒன்று; அதுவும் பின்னர் உடைக்கப்பட்டது. இரும்பைப் பேண இடமும் பொருளும் வேண்டும். சிற்றுருவுக்கு ஓர் அலுமாரித் தட்டே போதும்.

இதனை நன்குணர்ந்தவர் சிறில் பிறை. இஞ்சிக்கோர் தொழிற்சாலையில் வரைபடக் கலைஞராய்ப் பணிபுரிந்த அவர், மெய்யான வரைபடங்களைத் துணையாகக் கொண்டு, அயர்லாந்துப் புகையிரதங்களின் சிற்றுருக்களைத் தம் கையாலேயே ஆண்டுக்கணக்காகச் செய்தார். அச்சேகரம் பல ஆண்டுகள் மலகைட் கோட்டையில் வைக்கப்பட்டிருந்தது. 2020இல் அதே ஊரில், கசினோ என்னும் பழைய இல்லத்தில் அதற்கென நூதனசாலை திறக்கப்பட்டது. ஒரு தொழிலாளியின் ஓய்வுநேரப் பயன் ஒரு நாட்டின் உடைமையானமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, இம்முயற்சியில் உள்ள குறைகளையும் மறைத்தல் முறையன்று. விலையேறுமென்று கருதிப் பெட்டியைத் திறவாமலே அடுக்கிவைப்போர் உளர். அவர்கள் வணிகர், அவர்களைச் சேகரிப்பாளரென்பது அச்சொல்லுக்கு இழுக்கு. வேறொரு குறை இன்னும் நுண்ணியது. 5 அடி 3 அங்குலம் என்பது மேற்கூறிய அளவுத்திட்டத்தில் 21 மில்லிமீற்றர் ஆதல் வேண்டும். ஆனாற் கடைகளில் விற்கும் சிற்றுருக்களோ 16.5 மில்லிமீற்றர்த் தண்டவாளத்தில் ஓடுமாறே அமைக்கப்படுகின்றன. அவ்வகலம் 4 அடி 1½ அங்குலத்தையே குறிக்கும். அஃதாவது, கைபிடியின் தடிப்பிலும் பிழைபொறாத சிற்றுரு, தான் நிற்கும் பாதையில் ஓரடிக்கு மேலும் பிழைபட்டு நிற்கின்றது. 21 மில்லிமீற்றர்ப் பாதையைத் தம் கையாலே அமைத்து, அச்சுகளையும் சில்லுகளையும் மாற்றிக்கொள்ளும் பொறுமையாளர் சிலர் இருக்கின்றனர், அவர்கள் வணக்கத்துக்குரியர்.

எல்லாரும் அங்ஙனம் செய்தல் கூடுமோ எனின், கூடாது. இணக்கங் காணுதல் தவறன்று. அவ்விணக்கத்தை மறைத்தலே தவறு. ஒவ்வொரு சிற்றுருவுடனும், இஃது எந்த எண்ணுடைய வண்டி, எந்த ஆண்டின் வண்ணம், எந்தப் படத்தை அல்லது வரைபடத்தைத் தழுவியது, எவ்விடத்தில் மெய்யுருவினின்றும் வேறுபடுகின்றது என்று ஒரு சிறு தாளில் எழுதிவைத்தல் சேகரிப்பாளரின் கடன். அத்தாள் இல்லாத சேகரம், உடையவர் மறைந்ததும் பொம்மைக் குவியலாகிவிடும். தாள் உள்ளதோ ஒரு நூல்நிலையமாகும்.

அயர்லாந்தின் கதை நமக்கெதற்கு என்று மாணவர் சிலர் கேட்கக்கூடும். 1994, 1995ஆம் ஆண்டுகளில் அயர்லாந்துக்குச் சென்ற 34 பெரிய டீசல் இயந்திரங்கள், கனடா நாட்டு ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரிலே செய்யப்பட்டவை. 1954 முதலாகக் கொழும்புத் திட்டத்தின் கீழ் நம் நாட்டுக்கு வந்து, ஒன்ராறியோ, அல்பேட்டா என்றெல்லாம் பெயர் பூண்ட எம் 2 வகை இயந்திரங்களும் அதே நகரிற் பிறந்தவையே. நமது அகலப் பாதை 5 அடி 6 அங்குலம். அவர்களதினும் மூன்று அங்குலம் பெரிது. 4 மில்லிமீற்றர்த் திட்டத்தில் அது 22 மில்லிமீற்றர். காங்கேசன்துறைக்குச் சென்ற வடபாதை 1990இல் ஓய்ந்து, 2014இல் யாழ்ப்பாணம் வரையும் 2015இற் காங்கேசன்துறை வரையும் மீண்டபோது, பழைய பாதையும் பழைய நிலையங்களும் இருந்தவாறே மீளவில்லை. இருந்தவற்றின் அளவை எழுதிவைத்தவர் எத்தனை பேர்?

ஒரு நாடா, ஒரு குறிப்புப் புத்தகம், ஒரு படப்பெட்டி: இவை போதும். நிலையத்து மேடையின் நீளமும், கைகாட்டி மரத்தின் உயரமும், துருவேறி ஒதுக்கப்பட்ட பெட்டியின் யன்னல் அளவும், அவை நிற்கும்போதே எடுக்கப்படல் வேண்டும். விழுந்த பின்னர் அளக்க ஒன்றுமிராது. சிற்றுருச் செய்யும் கைவன்மை பின்னொருநாள் பின்னொருவர்க்கு வாய்க்கலாம். அவர்க்கு வேண்டிய அளவைத் தருதல் இன்று கண்ணாற் காண்பவரின் கடமை. அக்கடமையை நம் மாணவர் மேற்கொள்வாராயின், பெரிய நாடுகள் வார்த்த அச்சிலே நம் வண்ணத்தைப் பூசிக்கொள்ளும் நிலை நமக்கு நேராது.