பைட்டர் மீனுக்கும் வயசாகும்!

பிறந்த நாள், பரீட்சையில் நல்ல மார்க் என்று ஏதாவது சாக்குச் சொல்லிப் பிள்ளைகளுக்கு பைட்டர் மீன் வாங்கித் தருவது இப்போது எங்கள் பக்கத்துக் கிராமங்களில்கூட வழக்கமாகி விட்டது. நீலம், சிவப்பு, வெள்ளை என்று தோகை விரித்துக்கொண்டு பாட்டிலுக்குள் நிற்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? "இதுக்கு மோட்டார் வேண்டாம், சின்ன பாட்டில் போதும், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக் கொடுத்து அனுப்பி விடுகிறார்கள். வாங்குகிற நாளில் வீடே கூடி நிற்கிறது. அந்த மீனுக்கு வயசாகும்போது பக்கத்தில் நிற்பது யார்? வீட்டில் இருக்கும் பெண்தான். அதனால்தான் இதைச் சகோதரிகளிடம் சொல்ல நினைத்தேன்.

எங்கள் வீட்டு பைட்டருக்கு மூன்று வயது தாண்டி விட்டது. மூன்று வயதா, இது ஒரு வயதா என்று சிரிக்காதீர்கள். பைட்டர் மீனின் ஆயுளே இரண்டிலிருந்து நான்கு வருஷம்தான். அதிலும் தோகை நன்றாக வளர்ந்த ஆண் மீனைத்தான் கடையில் விற்கிறார்கள். நம் கைக்கு வரும்போதே அதற்கு ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் எங்கள் மீன் ஒரு தாத்தா. நீல நிறம் சாம்பல் பூத்து விட்டது. தோகை ஓரமெல்லாம் நைந்து போச்சு. முன்பெல்லாம் கண்ணாடி அருகே விரலை வைத்தால் சண்டைக்கு வரும், இப்போது ஒரு ஓரமாகப் படுத்துக் கிடக்கிறது. ஒரு கண்ணில் வெள்ளையாகப் படலம். எங்கள் மாமியார் குனிந்து பார்த்து விட்டு, "ஏத்தா, இதுக்கும் கண்ணுல பொரை விழுந்திருச்சா?" என்று கேட்டார். அவருக்குப் போன வருஷம்தான் புரை எடுத்தார்கள். அன்றிலிருந்து காலையில் மீன் தொட்டியை முதலில் எட்டிப் பார்ப்பது அவர்தான்.

ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டுமே! "நூறு ரூபா மீனுக்கு இம்புட்டுப் பாடா? வாய்க்கால்ல விட்டுட்டு வேற ஒண்ணு வாங்கிப் போட வேண்டியதுதானே" என்றார் எங்கள் மதினி. இன்னொருவர், கோயில் தெப்பத்தில் விட்டால் புண்ணியம் என்றார். "மனுஷங்களைப் பார்க்கவே ஆளில்லை, நீ மீனுக்குப் பணிவிடை செய்யுறியாக்கும்" என்று கேட்டவர்களும் உண்டு. நான் மதினியிடம், "நீங்க சொல்றது சரி, ஆனா வாங்கிட்டு வந்தப்போ அதுகிட்ட யாரும் கேட்கலையே" என்று மட்டும் சொன்னேன்.

வாய்க்காலில் விடுவது எந்த விதத்தில் புண்ணியம் என்று எனக்குப் புரியவில்லை. பிறந்ததிலிருந்து பாட்டிலிலும் தொட்டியிலும் இருந்த மீன், கண் தெரியாத நேரத்தில் ஓடுகிற தண்ணீரில் போய் இரை தேடுமா? கொக்குக்கும் விராலுக்கும்தான் இரையாகும். வயது குறைந்த மீனாக இருந்தாலும் விடக் கூடாது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கிய டேங்க் கிளீனர் மீனைப் பெரிதானதும் குளத்தில் கொண்டு போய் விட்டார்கள். அது இன்று தமிழ்நாட்டின் பல ஏரி குளங்களில் பெருகி, வலையைக் கிழித்து, மீன் பிடிக்கிறவர்கள் பிழைப்பைக் கெடுக்கிறது.

இந்த பைட்டரின் சொந்த ஊர் தாய்லாந்து. அந்த நாடு 2019ஆம் வருஷம் இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்து விட்டது. அங்கே இது நெல் வயல், ஓடை, சதுப்பு என்று ஆழமில்லாத தண்ணீரில் வாழும். அப்படிப்பட்ட தண்ணீரில் பிராணவாயு குறைவு என்பதால், செவுளோடு சேர்த்து, மேலே வந்து காற்றைக் குடிப்பதற்கென்று தலைக்குள் தனி உறுப்பு ஒன்று இதற்கு இருக்கிறது. நம்ம ஊர் பனையேறிக் கெண்டைக்கும் அதே மாதிரிதான். பாட்டிலில் போட்டாலும் உடனே சாகாமல் இருப்பதன் ரகசியம் இதுதான். சாகாமல் இருப்பது வேறு, நன்றாக இருப்பது வேறு இல்லையா? இன்னொரு விஷயம் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். இந்த மீனில் நுரைக் கூடு கட்டி, முட்டையை வாயில் பொறுக்கி வைத்து, குஞ்சு பொரிக்கும் வரை காவல் இருப்பது ஆண் மீன். பெண் மீனை அந்தப் பக்கமே அண்ட விடாது. வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்து விட்டு எழுந்து போய் விட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மேலே வந்து மூச்சு விட வேண்டிய மீன் என்பதால், வயசான காலத்தில் ஆழமான தண்ணீர் அதற்கு மாடிப்படி ஏறுவது போல. அதனால் தண்ணீரை ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாக வைத்து விட்டேன். மேல்மட்டத்துக்கு அருகில் அது படுத்துக் கொள்வதற்கு அகலமான இலையுள்ள நீர்ச்செடி ஒன்று. கூர்மையான பிளாஸ்டிக் செடிகளை எடுத்து விட வேண்டும், நைந்த தோகை அதில் மாட்டிக் கிழியும். ஓடும் தண்ணீரை எதிர்த்து நீந்த அதற்குத் தெம்பு கிடையாது என்பதால், பில்டர் இருந்தால் வேகத்தைக் குறைத்து வையுங்கள்.

மொத்தத் தண்ணீரையும் ஒரேயடியாகக் கொட்டி, தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். வாரம் ஒரு முறை, சின்னத் தொட்டி என்றால் இரண்டு முறை, கால் பங்கு தண்ணீரை மட்டும் எடுத்து விட்டுப் புதுத் தண்ணீர் விட்டால் போதும். குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை இருக்கும். அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் போய் விடும். அதே இடத்தில் வைத்திருந்தால் குளிர்ச்சியும் ஒன்று போல் ஆகி விடும்.

நாட்டு வாதாம் மரத்தின் காய்ந்து உதிர்ந்த இலையைக் கழுவிப் போட்டால் தண்ணீர் லேசான டீ நிறத்துக்கு வரும். தாய்லாந்தில் பைட்டர் வளர்ப்பவர்கள் செய்கிற வேலை இது. மருந்து தெளிக்காத மரத்து இலையாக இருக்க வேண்டும்.

மருந்து என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எங்கள் ஓடைப்பட்டி திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ஊர். தோட்டத்துக்கு மருந்து அடித்து விட்டு வருகிற ஆண்கள், கையைக் கழுவினோம் என்று சொல்லிக்கொண்டு தொட்டிக்குள் கையை விடுவார்கள். விடவே கூடாது. பூச்சி மருந்தில் துளி கலந்தாலும் மீனுக்கு எமன். கொசுவர்த்தியும், சுவரில் செருகும் கொசு மருந்தும் அப்படித்தான். மீன் இருக்கும் அறையில் இவற்றைப் போடாதீர்கள்.

சாப்பாட்டு விஷயத்தில், சோற்றுப் பருக்கை, இட்லி, பிஸ்கட் எதுவும் வேண்டாம். பைட்டர் அசைவம். மற்றதெல்லாம் தண்ணீரைத்தான் அழுக வைக்கும். கடையில் விற்கும் உருண்டைத் தீனியைச் சில நிமிஷம் தண்ணீரில் ஊற வைத்து, ஒவ்வொன்றாக அதன் வாய்க்கு நேரே போட வேண்டும். எங்கள் மீனுக்கு வேளைக்கு இரண்டு போதும். தின்னாததை உடனே எடுத்து விடுவேன். வாரத்தில் ஒரு நாள் பட்டினி. கொசுப்புழு அதற்கு அல்வா மாதிரி. ஆனால் அதற்காக வாளியில் தண்ணீரைத் தேக்கிப் புழு வளர்த்து ஊருக்கு டெங்கு வரவழைக்காதீர்கள்!

மார்கழி, தை மாதங்களில் மேகமலைப் பக்கமிருந்து வருகிற வாடை நமக்கே தாங்காது. பைட்டருக்கு 24 முதல் 28 டிகிரி வரை சூடு வேண்டும். சின்ன ஹீட்டர் வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம், தண்ணீரில் கை வைக்கும் முன் சுவிட்சை அணைக்க மறக்கக் கூடாது. முடியாதவர்கள் காற்று அடிக்காத உள் அறையில் வைத்து, மூன்று பக்கமும் பழைய கம்பளித் துணி சுற்றி, மேலே சிறிது இடைவெளி விட்டு மூடி வையுங்கள். குளிருகிறதே என்று வெந்நீரை ஊற்றக் கூடாது.

இத்தனையும் எழுதினால் பெரிய வேலை போலத் தெரிகிறது. ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம்கூட ஆவதில்லை.

என் ஆதங்கமே வேறு. மதினி பேசியதைக் கேட்டுக் கொண்டிருந்த என் மகன், "வயசானா மாத்திரணுமாம்மா?" என்று கேட்டான். பாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அவன் மனசில் எதை நினைத்துக் கேட்டானோ தெரியாது. இப்போது இரவுச் சாப்பாடு போடுவது அவன் பொறுப்பு. முனகிக்கொண்டேதான் செய்கிறான், செய்கிறான் இல்லையா, அது போதும்.

விற்பவர்களும் யோசிக்க வேண்டும். சென்னை கொளத்தூரில் குடும்பம் குடும்பமாக வண்ண மீன் வளர்த்துத்தான் பிழைக்கிறார்கள். அந்தத் தொழிலைக் குறை சொல்லவில்லை. ஆனால் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் தேதி அச்சடிக்கிற காலத்தில், இந்த மீனுக்கு இப்போது என்ன வயது, இன்னும் எத்தனை வருஷம் இருக்கும், கடைசியில் எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டாவது பாட்டிலோடு கொடுக்கலாமே? 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், மனிதர் தவிர்த்த எல்லா உயிரையும் விலங்கு என்றுதான் சொல்கிறது. அப்படியானால் மீனும் அதில் சேர்த்திதானே? நாகப்பட்டினத்தில் 2012 முதல் மீன்வளப் பல்கலைக்கழகம் நடக்கிறது. அங்கே படித்தவர்கள் நாலு வரி எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் அச்சடிக்க மாட்டாரா? எங்கள் பக்கம் மாட்டு ஆஸ்பத்திரியில் போய் மீனைக் காட்டினால் சிரிக்கத்தான் செய்வார்கள்.

எங்கள் மீனுக்கு இன்னொரு கண்ணிலும் படலம் விழ ஆரம்பித்திருக்கிறது. தொட்டி ஓரத்தில் விரலால் மெதுவாகத் தட்டி விட்டுத் தீனி போட்டால், சத்தத்தை வைத்து மேலே வருகிறது. முழுவதும் கண் தெரியாத மீனுக்குச் சாப்பாடு கொடுத்துப் பழகிய சகோதரிகள் யாராவது இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று இந்தப் பகுதியில் எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, ஓடைப்பட்டி