கஞ்சாச் சட்டத்தில் சிக்குவோர் யார்?

மீரிகமவில் 64 ஏக்கர் நிலத்தில், ஏற்றுமதிக்கென மட்டும் கஞ்சா பயிரிட ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதி வழங்கப்படுவதாக 2025 ஆகஸ்ட் மாதத்தில் செய்தி வெளிவந்தது. தணமல்வில, வெல்லவாய, சியம்பலாண்டுவ காடுகளில் விசேட அதிரடிப் படையினர் கஞ்சாச் சேனைகளைச் சுற்றிவளைத்துத் தீயிடுவதோ நாம் ஆண்டுதோறும் கேட்டுப் பழகிய செய்தி. செடி ஒன்றுதான். ஒருவருக்கு அது முதலீடு, மற்றவருக்கு விளக்கமறியல். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல், கஞ்சாவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்குவதா இல்லையா என்று விவாதிப்பதில் பயனில்லை என நாம் கருதுகிறோம்.

முதலில் எமது நிலைப்பாட்டை மறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். கஞ்சா தீங்கற்றது என்று நாம் கூறவில்லை. வளரும் வயதிலுள்ள பிள்ளைகளின் மூளையை அது பாதிக்கிறது. மனநோய்க்கு இடமுள்ளவர்களில் அந்நோயைத் தூண்டிவிடுகிறது. அதைக் கடையில் வைத்து விற்கும் நிலை இந்நாட்டுக்கு வரவேண்டுமென நாம் விரும்பவில்லை. பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களும் 2014 இல், போதைக்கெனப் பயன்படும் பொருட்களைச் சட்டபூர்வமாக்குவதை வெளிப்படையாகவே எதிர்த்தார். ஆனால் ஒரு பொருளை விற்க அனுமதிப்பது வேறு, அதைச் சிறிதளவு வைத்திருந்தவரைச் சிறையில் அடைக்காதிருப்பது வேறு. எம்மிடையே நடக்கும் பேச்சுக்களில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. 'கஞ்சாவைத் திறந்துவிடச் சொல்கிறார்கள்' என்று ஒருவர் குரல் எழுப்பியதும் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்கின்றனர். நாம் இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி.

இன்றும் நடைமுறையிலுள்ள சட்டத்தின் அடிப்படை 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டம். குடியேற்ற ஆட்சிக் காலத்தில் பிறந்து பலமுறை திருத்தப்பட்டது. 1984 ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டு கிராமும் அதற்கு மேலும் ஹெரோயின் வைத்திருந்தால் மரணதண்டனை அல்லது ஆயுட்சிறை என்று வகுத்தது. 2022 இல் 'ஐஸ்' எனப்படும் போதைப்பொருளுக்கும் அவ்வாறான கடுந்தண்டனை வந்தது. கஞ்சாவுக்கு மரணதண்டனை இல்லை. ஆயினும் அதைப் பயிரிடுவதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். அதேவேளை ஆயுர்வேத, சித்த வைத்தியத்தில் கஞ்சா ஒரு மூலிகை. மதன மோதகம் பற்றி அறியாத பரம்பரை வைத்தியர் கிடையாது. நீதிமன்றங்களில் சான்றுப்பொருளாகக் கிடந்த கஞ்சாவே வைத்தியர்களுக்குக் கிடைக்கிறது என்றும், அது கைக்கு வரும்போது சில ஆண்டுகள் பழையதாகி வீரியம் இழந்துவிடுகிறது என்றும், ஆகவே அரசே அதைப் பயிரிட வேண்டும் என்றும் 2017 இல் அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன கூறியது நினைவிருக்கலாம். அதாவது, இச்செடியைப் பயிரிடலாம் என்ற எண்ணம் அரசுக்குப் புதிதல்ல. பயிரிடுபவர் யார் என்பதே கேள்வி.

காட்டுக்குள் பயிரிடுபவர் யார் என்று பார்ப்போம். மொனராகலை, அம்பாந்தோட்டை மாவட்டங்களின் சேனை விவசாயி சோளம், கௌப்பி, எள்ளு, பயறு என்று மழையை நம்பி விதைப்பவர். மழை பொய்த்தால் ஒரு போகம் போயிற்று. மழை பெய்தால் யானை வருகிறது. இரண்டும் கடந்து அறுவடை செய்தால் விலை, லொறியில் வந்து நிற்கும் வியாபாரியின் வாயில் இருக்கிறது. 2018 இன் பிற்பகுதியில் சேனா படைப்புழு சோளத்தைத் தின்றது. 2021 இல் இரசாயன உரத்துக்குத் திடீரெனத் தடை வந்தது. அடுத்த ஆண்டில் பணத்தின் பெறுமதியே விழுந்தது. இவ்வாறு கடனில் மூழ்கிய ஒருவரிடம், விதையும் உரமும் நீர்ப்பம்பியும் மூன்று மாதச் சாப்பாட்டுச் சாமான்களும் தருகிறேன், காட்டில் இருந்து காவல் காத்தால் போதும் என்று ஒரு முதலாளி சொன்னால் அவர் என்ன செய்வார்? அதிரடிப் படை வரும்போது அந்தக் குடிசையில் இருப்பவர் இவர்தான். முதலாளி நகரத்தில் இருப்பார். விற்பனைக்குரிய பணம் யாருடைய கணக்கில் சேர்ந்தது என்பதைச் செடிகளைப் பிடுங்கி எரிப்பதால் கண்டுபிடிக்க முடியாது. எரித்த ஏக்கர்களின் எண்ணிக்கை மட்டும் பத்திரிகையில் வரும். காடழிப்பும் பாரிய குற்றமே. ஆனால் அதற்கான பொறுப்பும் அந்தக் காவற்காரரின் தலையிலேயே விழுகிறது.

வடக்குக் கரையோரத்திலும் கதை வேறல்ல. 'கேரள கஞ்சா' என்ற பெயரில் பாக்கு நீரிணையைக் கடந்து வருவதில் பெரும்பகுதி உண்மையில் ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளைவது. பெயர்தான் கேரளம். மன்னார், யாழ்ப்பாணக் கடற்பரப்புகளில் கடற்படையினர் படகுகளைப் பிடிக்கின்றனர். படகிலிருப்பவர்கள் கடற்றொழிலாளர். இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போன பின்னர், ஓரிரவு ஓட்டத்துக்குக் கிடைக்கும் கூலி ஒரு மாத மீன்பிடியிலும் பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை. இதைச் சொல்வது கடத்தலை நியாயப்படுத்துவதற்கு அல்ல. பொதியை அனுப்பியவரும் பெற்றுக்கொள்பவரும் கரையிலேயே நிற்கின்றனர் என்பதைச் சொல்வதற்கே.

இனி, சிறு அளவு வைத்திருந்து பிடிபடுபவரின் நிலை. போதைப்பொருட் குற்றங்களுக்காக இந்நாட்டில் கைது செய்யப்படுவோரில் கஞ்சாவுக்காகப் பிடிபடுவோரின் தொகை, சில ஆண்டுகளில் ஹெரோயினுக்காகப் பிடிபட்டோரின் தொகையையும் விஞ்சியிருக்கிறது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரு சுருட்டோ ஒரு சரையோ வைத்திருந்தவர்கள். கைது, நீதவான் முன்னிலை, குற்ற ஒப்புதல், தண்டப்பணம். கையில் பணம் உள்ளவர் அன்றே வீடு திரும்புவார். கூலி வேலை செய்பவர் தண்டம் கட்ட முடியாமல் சிறை செல்வார். எமது சிறைகளுக்கு வரும் தண்டனைக் கைதிகளில் பெரும்பகுதியினர் தண்டப்பணம் செலுத்த முடியாதோர் என்பது பல ஆண்டுகளாகச் சிறைச்சாலைத் திணைக்களத்தின் புள்ளிவிபரங்களே காட்டிவரும் உண்மை. சிறைகளிலோ இருக்க வேண்டிய தொகையின் இருமடங்குக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டுள்ளனர். முறை வைத்துப் படுக்கிறார்கள். 2020 நவம்பரில் மகர சிறைச்சாலையில் பதினொரு பேர் இறந்தனர். தொற்று நோய் அச்சமும் இந்த நெரிசலும் சேர்ந்தே அந்தக் கலவரத்தின் பின்னணியில் இருந்தன. கஞ்சாச் சுருட்டுடன் உள்ளே போன இளைஞன் அங்கே யாருடன் தோளோடு தோள் படுக்கிறான்? ஹெரோயின் விற்பவனுடன். வெளியே வரும்போது அவனுக்குப் புதிய அறிமுகங்கள் இருக்கும், வேலை இருக்காது. அவனுடைய மனைவி அந்த வாரங்களில் நுண்கடன் தவணையை எப்படிக் கட்டினாள் என்பதை எமது மாதர் சங்கங்களில் கேட்டால் சொல்வார்கள்.

2023 டிசம்பரில் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கப்பட்டபோது, தினமும் கைதானோர் தொகை வெற்றிச் செய்தியாக வெளியிடப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதான நாட்களிலும் பிடிபட்ட ஹெரோயின் பலமுறை ஒரு கிலோவைக்கூட எட்டவில்லை. நிறையைத் தலைகளால் வகுத்துப் பார்த்தால் பிடிபட்டவர் வியாபாரியா, பழக்கத்துக்கு ஆளான ஏழையா என்பது எவருக்கும் விளங்கும். 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் இந்நடவடிக்கையை இடைநிறுத்தி மீளாய்வு செய்யும்படி கேட்டனர். அப்போது எமது மக்களில் பலர் பொலிஸாரைப் பாராட்டினார்கள் என்பதையும் மறுக்க முடியாது. பிள்ளையை ஐஸுக்குப் பறிகொடுத்த தாய்க்கு, யாராவது ஏதாவது செய்கிறார்களே என்பதே ஆறுதல். அந்த ஆறுதலை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் ஒரு பொலிஸ் நிலையத்தில் இருக்கும் ஆட்களும் வாகனங்களும் இவ்வளவுதான். அவர்கள் சந்தியில் நின்று சட்டைப் பைகளைத் தடவிக்கொண்டிருக்கும் நேரம், பாடசாலை வாசலில் ஐஸ் விற்பவனைப் பின்தொடர்ந்து அவனுக்குக் கொடுப்பவனிடம் போய்ச் சேரக்கூடிய நேரம். தொகை காட்ட வேண்டும் என்ற நெருக்குதல் இருக்கும்வரை எளிதில் அகப்படுபவரே அகப்படுவார்.

சாராயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டத்திலும் கிராமத்திலும் சம்பள நாளன்று அடுப்பை அணைப்பது, மனைவியை அடிப்பது, ஈரலைக் கெடுத்து நாற்பது வயதில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் கஞ்சா அல்ல. அதை விற்க அரசு அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது, வரி வாங்குகிறது. அந்த வருமானத்தில் திறைசேரி எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதையும் நாம் அறிவோம். போதை ஒழிப்புப் பற்றி மேடையில் பேசுவோர் இதைத் தொடுவதில்லை.

பிற நாடுகள் என்ன செய்தன? கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் போர்த்துக்கல், 2001 முதல், சொந்தப் பாவனைக்குரிய சிறு அளவு போதைப்பொருள் வைத்திருப்பதைக் குற்றவியல் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. விற்பனை அங்கு இன்றும் குற்றம். பிடிபடுபவர் நீதிமன்றத்துக்கு அல்ல, சட்டம், சுகாதாரம், சமூகப்பணி தெரிந்தவர்கள் அடங்கிய ஒரு குழுவின் முன் அனுப்பப்படுகிறார். கூடவே சிகிச்சை நிலையங்களுக்கும் பணம் ஒதுக்கப்பட்டது. இதை மறந்துவிட்டு முதற்பாதியை மட்டும் எடுத்துக்காட்டுவோர் உண்டு. மறுபுறம் தாய்லாந்து 2022 ஜூனில் தகுந்த ஒழுங்குவிதிகள் இன்றியே கஞ்சாவைப் பட்டியலிலிருந்து நீக்கியது. கடைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. 2025 ஜூனில் வைத்தியரின் பத்திரமின்றி விற்கக்கூடாதென்று மீண்டும் இறுக்க வேண்டியதாயிற்று. வியாபாரத்தை முதலில் அவிழ்த்துவிட்டு ஒழுங்கைப் பிறகு தேடும் பாதை எமக்கு வேண்டாம். மீரிகமத் திட்டமும் அந்தத் திசையில் சாய்ந்துவிடுமோ என்பதே எமது அச்சம்.

ஆகவே சிறு அளவு கஞ்சா வைத்திருப்பதற்குச் சிறை கூடாது என்று சட்டம் திருத்தப்பட வேண்டும். மருத்துவத்துக்காகவோ ஏற்றுமதிக்காகவோ இச்செடி சட்டப்படி வளர்க்கப்படுமாயின், அந்த அனுமதி டொலர் கொண்டுவருபவருக்கு மட்டும் உரியதாக இருக்கக்கூடாது. கண்காணிப்புக்கு உட்பட்ட விவசாயிகள் கூட்டுறவுச் சங்கமும் விண்ணப்பிக்க வழி வேண்டும். காட்டுச் சேனையில் பிடிபட்ட கூலியாளிடம் பெறும் வாக்குமூலம், அவரைத் தண்டிப்பதோடு நின்றுவிடாமல், பணம் போட்டவரைத் தேடுவதற்குப் பயன்பட வேண்டும்.

சட்டத் திருத்தத்துக்குக் காலம் எடுக்கும். அதுவரை செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. சமுதாயஞ்சார் சீர்திருத்தத்துக்கான 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சிறு குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் சமூக வேலைக்கும் ஆலோசனைக்கும் அனுப்ப நீதவானுக்கு அதிகாரம் இருக்கிறது. தண்டப்பணத்தைத் தவணையில் கட்ட அனுமதிக்கும்படியும் கேட்கலாம். சட்டத்தரணி வைக்க வசதியற்றவர் இவற்றை அறியமாட்டார், கேட்கவும் மாட்டார். நீதிமன்ற நாட்களில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கு அக்குடும்பங்களைக் கூட்டிச் செல்ல ஒவ்வொரு பங்கிலும் இருவர் முன்வந்தால், அடுத்த காலாண்டுக்குள்ளேயே சிலர் சிறை வாசலிலிருந்து வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள்.